விசில் நடை

ஆம்ப்ரோஸ் ஃபெல்டன் கட்டிய வீட்டுக்கு வாசல் மூன்று. ஒன்று சாலையைப் பார்த்தது, ஒன்று ராப்பஹானக் ஆற்றைப் பார்த்தது. மூன்றாவது சமையல்கட்டுக் கதவு. அதை யாரும் வாசல் என்று கணக்கில் சேர்ப்பதில்லை. மூன்றுக்கும் சாவி என் இடுப்பில்தான் தொங்குகிறது. ஆனாலும் காலையில் நான் உள்ளே நுழைவது அந்த மூன்றாவது வழியாகத்தான். புதிதாக வேலைக்குச் சேரும் காலேஜ் பிள்ளைகளுக்கு இதைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

"மிஸ் வெர்லீன், இன்னும் எதுக்குப் பின்பக்கமா வர்றீங்க? அந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சே!"

மலையேறியது எது, ஏறாதது எது என்று எனக்குத் தெரியாதா? என் அம்மா ஆர்டீலியா தன் வாழ்நாளில் பாதியை அந்தக் கதவுக்கு உள்ளேதான் சமைத்துக் கழித்தாள். அவள் கைபட்டுத் தேய்ந்த பித்தளைப் பிடி அதில் இருக்கிறது. முன்வாசல் பிடியைத் தேய்த்தவர்கள் யாரோ. அவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

வீடு இப்போது அருங்காட்சியகம்; வருகிறவர்களுக்கு அதைச் சுற்றிக் காட்டுவது என் வேலை. நாடு பிறந்தபோது சட்டம் எழுத உட்கார்ந்த பெரிய மனிதர்களில் ஆம்ப்ரோஸும் ஒருவர். சுதந்திரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவாராம். அவருடைய புகையிலைக் காட்டில் அடிமைகள் இருநூறு பேர். அந்த இருநூறு பேரில் என் பாட்டன் பூட்டன்களும் உண்டு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவேன். கேட்டவர்கள் பின்னால் நின்று யோசித்துக்கொண்டு வரட்டும்.

போன வசந்தத்தில் எங்கள் டைரக்டர் வின்ஸ்லோ எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு நல்ல செய்தி என்றார். வீட்டை ஆம்ப்ரோஸ் காலத்தில் இருந்தபடியே மாற்றப் போகிறார்களாம். சமையல்கட்டும், அதிலிருந்து சாப்பாட்டு அறைக்குப் போகும் நடையும் நூறு வருஷத்துக்கு முன்னால் ஒட்டவைத்தவை. அதனால் இரண்டையும் இடித்துவிட்டுப் புல் போடுவார்கள்.

"ஆம்ப்ரோஸ் இப்ப கண்ணைத் திறந்து பாத்தா, அவருக்கு எதுவுமே புதுசா தெரியக் கூடாது. அதான் நம்ம லட்சியம்" என்றார்.

"அவர் கண்ணைத் திறந்தா முதல்ல என்னைப் பாத்துத்தான் மயங்கி விழுவார், சார். கையில சாவிக்கொத்தோட நிக்கிறேனே! என்னையும் இடிச்சிடுவீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். ஆனால் சிரித்துவிட்டு இடிக்கிற ஆள்.

அந்த நடையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. செங்கல் தரை, இரண்டு பக்கமும் சுவர், நடுவில் ஒரு பெரிய ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே உட்காரும் அளவுக்கு அகலமான மேடை. ஆம்ப்ரோஸ் காலத்தில் சுவரும் கூரையும் கிடையாது. சமையல்கட்டு முற்றத்துக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்தது. சாப்பாட்டை ஏந்திக்கொண்டு முற்றத்தைக் கடக்கிற அடிமைகள் வழியெல்லாம் விசிலடித்துக்கொண்டே போக வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். விசிலடிக்கிற வாய் மெல்ல முடியாதல்லவா? நாட்டுக்குச் சட்டம் எழுதிய கை, ஒரு துண்டு இறைச்சியைக் காப்பாற்றவும் சட்டம் எழுதியிருக்கிறது.

பிறகு உள்நாட்டுப் போர் வந்தது, அடிமைத்தனம் போனது. நடைக்குக் கூரை வந்தது, விளக்கு வந்தது. விசில் மட்டும் போகவில்லை. என் அம்மா காலத்தில் வீட்டுக்காரர் ஆம்ப்ரோஸின் வழிவந்த மிஸ்டர் ஃபெல்டன். "இது எங்க வீட்டுப் பழக்கம்" என்பாராம். அம்மா சம்பளத்துக்கு வந்த சமையல்காரி. இருந்தும் தட்டைக் கையில் எடுத்தால் உதட்டைக் குவித்தாக வேண்டும். விசில் கொஞ்சம் நின்றாலும் அவர் கத்தியால் கண்ணாடி டம்ளரைத் தட்டுவார். மிஞ்சினதைத் துணியில் கட்டிச் சமையல்காரிக்குக் கொடுத்து அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வீட்டில் அதுவும் இல்லை; மிச்சமெல்லாம் அலமாரிக்குள் போய்ப் பூட்டு விழும்.

இத்தனையும் தெரிந்தும் சொல்கிறேன், என் சின்ன வயதில் எனக்குச் சொர்க்கம் என்றால் அந்தச் சமையல்கட்டுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அம்மா தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஏப்ரனைக் கட்டுவாள். நான் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து அவரைக்காய் உரிப்பேன். அடுப்புக்குள் ஹாம் வெந்துகொண்டிருக்கும். உப்பும் புகையும் ஏறிய பன்றித் தொடை, மேலே கிராம்பும் வெல்லமும். மோர் விட்டுப் பிசைந்த குட்டி ரொட்டிகள் பக்கத்தில் உப்பிக்கொண்டு வரும். அம்மாவின் செருப்பில்லாத கால்கள் என் கண் முன்னால் போய் வரும். பிறகு தட்டைத் தூக்குவாள், முதுகால் கதவைத் தள்ளுவாள், அது தானாக மூடிக்கொள்ளும். விசில் தொடங்கும்.

எங்கள் சர்ச்சில் பாடும் பாட்டுத்தான். முதல் இரண்டு அடி தெளிவாக இருக்கும். மூன்றாவது அடியில் ஒரு இடத்தில் சறுக்கும், ஈரப் படியில் கால் வழுக்கின மாதிரி. அந்த இடத்துக்காகவே அவரையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பேன். எங்கள் வீட்டில் அம்மா அதே பாட்டை விசிலடித்தால் சறுக்காது. கை நிறையத் தட்டு இருந்தால்தான் சறுக்கும் போல என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். எனக்கு எட்டு வயதிருக்கும்போது அந்தச் சறுக்கல் நின்றுபோனது. அதற்கப்புறம் விசில் சுத்தமாக இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டுக்கு வந்தால் அம்மா சாப்பிட மாட்டாள். தன் தட்டை என் பக்கம் தள்ளுவாள்.

"எனக்கு வேணாம்டி. நாள் பூரா வாசனை பிடிச்சே வயிறு நிறைஞ்சிருச்சு."

நானும் வழித்துச் சாப்பிட்டேன். அத்தனை பேருக்கு ஆக்கிப்போட்டுவிட்டுப் பட்டினியாக வந்தவளின் பங்கையும் நான் தின்றிருக்கிறேன் என்ற நினைப்பு இத்தனை வயதிலும் என்னை விட்டுப் போகவில்லை.

சரி, இடிப்பு விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு ஒரே ஒரு முட்டுக்கட்டை இருந்தது. ஃபெல்டன் குடும்பத்தின் கடைசி ஆளான மிஸ் லெட்டி, வீட்டை அறக்கட்டளைக்குக் கொடுத்தபோது ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். தான் உயிரோடு இருக்கும்வரை தன் வாய்ச்சொல் இல்லாமல் ஒரு செங்கலையும் எடுக்கக் கூடாது. இப்போது ரிச்மண்ட் நகரத்தில் இருக்கிறாள், என்னைவிட நாலு வயது மூத்தவள். சம்மதம் வாங்குவதற்காக வின்ஸ்லோ அவளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துவர ஏற்பாடு செய்தார். அவளுக்குச் சம்மதம்தான் என்றும் கேள்விப்பட்டேன்.

நான் என் பங்குக்கு ஒரு ஏற்பாடு செய்தேன். விடியற்காலையில் எழுந்து அம்மா செய்வது போலவே மோர் ரொட்டி சுட்டு, உள்ளே ஹாம் வைத்து, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். கிழவியின் வாயைக் குளிரவைத்து, பழைய கதை பேசி, சமையல்கட்டைக் காப்பாற்றிவிடலாம் என்று திட்டம். அன்று ஒரு நாள் மட்டும் என் நாக்கைக் கட்டிப்போடுவது என்று சத்தியம் செய்துகொண்டேன். என்னைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

மிஸ் லெட்டி முன்வாசல் வழியாக வந்தாள். கையில் தடி, தலையில் நீலத் தொப்பி, ஒரு பக்கம் வின்ஸ்லோவின் தோள். நான் சாப்பாட்டு அறையில் நின்றேன்.

"வெர்லீனா இது? அடேயப்பா, அப்படியே டீலியாவை உரிச்சு வச்சிருக்கியே!"

"நல்லா இருக்கீங்களா, மிஸ் லெட்டி?"

"எங்க நல்லா இருக்கிறது! முட்டி ஒரு பக்கம், பிரஷர் ஒரு பக்கம். பல்லுகூட என்னுது இல்ல இப்ப."

சின்ன வயதில் அவளை எல்லோரும் வெறும் லெட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். அம்மாவும்தான். அவளுக்குப் பன்னிரண்டு வயதான அன்று காலையிலிருந்து அம்மா 'மிஸ் லெட்டி' என்று கூப்பிட வேண்டும் என்று ஆனது. வெள்ளைக்கார வீடுகளில் அப்போது அப்படித்தான். அவள் மட்டும் கடைசிவரை அம்மாவை டீலியா, நீ, வா, போ.

நடைக்குள் வந்ததும் அவள் நின்றுவிட்டாள். வின்ஸ்லோ இதமாக ஆரம்பித்தார்.

"சுவரெல்லாம் ஓதம் ஏறிப் போச்சு, மேடம். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். அடுத்த வாரமே ஆளுங்க வந்துடுவாங்க."

"சொல்லிட வேண்டியதுதான். எனக்கப்புறம் யாரு இதைக் கட்டிக்கிட்டு அழப் போறா?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆனா வெர்லீன், இங்க நின்னா உங்கம்மா விசில்தான் ஞாபகம் வருது. எவ்ளோ சந்தோஷமா அடிப்பா! தட்டைத் தூக்கினா போதும், குருவி மாதிரி ஆரம்பிச்சிடுவா. எங்க வீட்ல எல்லாருமே சந்தோஷமாத்தான் இருந்தாங்க, இல்ல?"

கட்டிப்போட்ட நாக்கு அங்கே அவிழ்ந்தது. காரியம் கெடும் என்று தெரியும். தெரிந்தும் விட்டேன்.

"சந்தோஷமா? மிஸ் லெட்டி, எங்கம்மா விசிலடிச்சது வாயில போட்டு மெல்லலைன்னு உங்கப்பாவுக்குத் தெரியறதுக்கு. ஆம்ப்ரோஸ் ஃபெல்டன் போட்ட சட்டம் அது. நின்னா டம்ளர்ல தட்டுவாரே, அது எதுக்குன்னு நெனச்சீங்க? தாளம் போடவா? அவ ஆக்கினதுல ஒரு வாய் அவளுக்குக் கிடையாது. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பட்டினியா வீட்டுக்கு வருவா. இது உங்களுக்குச் சந்தோஷமா தெரிஞ்சுதுன்னா இடிச்சுடுங்க. இப்படிச் சொல்லிச் சொல்லி இதைக் காட்டுறதுக்கு, இது இல்லாமலே இருக்கட்டும்."

வின்ஸ்லோ தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார். போச்சு, எல்லாம் போச்சு, என் வாயாலேயே சமையல்கட்டை இடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மிஸ் லெட்டி தடியை ஊன்றி மெதுவாக ஜன்னல் வரை போனாள். மேடையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த விதம் விருந்தாளி உட்கார்ந்த மாதிரி இல்லை. கால்களைப் பக்கவாட்டில் மடக்கி, முதுகைச் சுவரில் சாய்த்து, எத்தனையோ தடவை அங்கே உட்கார்ந்து பழகியவளாக.

"பன்னெண்டு வயசு வரைக்கும் பெரிய மேஜையில எனக்கு இடம் கிடையாது" என்றாள். "பெரியவங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் இங்கதான் உக்காந்திருப்பேன். டீலியா விசிலடிச்சுக்கிட்டே அந்தக் கதவுல இருந்து வருவா. இங்க வந்ததும் தட்டை இந்த மேடையில வைப்பா. 'லெட்டி கண்ணு, என்னை அந்தக் கரை சேத்துடு'ம்பா. நான் விசிலடிக்கணும். அதான் விளையாட்டு. முதல் ரெண்டு அடி அவ, மூணாவதுல இருந்து நான்."

"என்ன விளையாட்டு?"

"எனக்கு விளையாட்டுத்தான். நான் அடிச்சுக்கிட்டே இருப்பேன், அவ திரும்பி நின்னுக்குவா. ரொட்டியைப் பிச்சு, ஹாமை மடிச்சு உள்ள வச்சு..." அவள் நிறுத்தினாள். "வெர்லீன். அவ சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கா."

நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"அவசரமே பட மாட்டா. நல்லா மென்னு சாப்பிடுவா. ஒரு தடவை எனக்கு மூச்சு வாங்கிப் போச்சு. 'இன்னும் ஒரே ஒரு தடவை, கண்ணு, இது கொழுப்போட இருக்கிற துண்டு'ன்னா."

அது அம்மா பேச்சுத்தான். அந்தக் 'கொழுப்போட இருக்கிற துண்டு' வேறு யார் வாயிலும் வராது. எனக்குள்ளே ஏதோ கழன்று விழுந்தது. அவள் பட்டினி கிடக்கவில்லை. ஆம்ப்ரோஸ் ஃபெல்டன் வீட்டு ஹாமை, சுடச்சுட, கொழுப்போடு, மிஸ்டர் ஃபெல்டன் காது கேட்கிற தூரத்தில் நின்று, அவர் பெற்ற மகளையே காவல் வைத்துத் தின்றிருக்கிறாள். வயிறு நிறைஞ்சிருச்சு என்றது பொய்யே இல்லை. அடிப்பாவி! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

கூடவே கோபமும் வந்தது, அதை எதற்கு மறைக்க வேண்டும்? நான் மேஜைக்கு அடியில் காத்திருந்து காத்திருந்து கேட்ட அந்தச் சறுக்கல், அம்மாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருந்த பொருள்களிலேயே உயர்ந்தது, அது அம்மாவுடையதே இல்லை. இந்த நீலத் தொப்பிக்காரியுடையது.

"மூணாவது அடியில சறுக்குமே, அது நீங்களா?"

"எனக்கு முன்பல்லு விழுந்திருந்துச்சு. அப்புறம் முளைச்சும் பழக்கம் போகல" என்றாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "பன்னெண்டு முடிஞ்ச அந்த ஞாயித்துக்கிழமை என்னைப் பெரிய மேஜையில உக்கார வச்சாங்க. புது கவுன். நடையில விசில் வந்துச்சு, ரெண்டு அடி. அப்புறம் சத்தமே இல்ல. அவ இங்க வந்து என்னைத் தேடியிருப்பா போல. அப்பா டம்ளரைத் தட்டினார். அதுக்கப்புறம்தான் மூணாவது அடி வந்துச்சு. நான் என்ன பண்ணேன் தெரியுமா, வெர்லீன்? டீலியா மறந்துட்டான்னு சிரிச்சேன். எல்லாரோடயும் சேந்து சிரிச்சேன்."

அவள் அழுதாள். பொய் அழுகை எனக்குத் தெரியும், இது அதுவல்ல. ஆறுதல் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. கைக்குட்டையை மட்டும் நீட்டினேன்.

வின்ஸ்லோ தொண்டையைச் செருமினார். "ரொம்ப உருக்கமான விஷயம். இதை அப்படியே ஒரு பலகையில எழுதி, புல் தரையில நட்டு வச்சிடலாம்."

"பலகையில நடந்து போக முடியுமா, சார்?" என்றேன்.

நான் சமையல்கட்டுக்குப் போனேன். துணியை அவிழ்த்து ரொட்டிகளை அம்மாவின் பழைய தட்டில் அடுக்கினேன். தட்டைத் தூக்கி, முதுகால் கதவைத் தள்ளினேன். அது எனக்குப் பின்னால் தானாக மூடிக்கொண்டது. அந்த நடையில் என் வாழ்நாளில் நான் விசிலடித்தது கிடையாது. அடிக்கவே மாட்டேன் என்று இருந்தவள் நான். அன்று உதட்டைக் குவித்தேன். முதல் அடி, இரண்டாவது அடி. ஜன்னல் வந்தது. தட்டை மேடையில் வைத்தேன்.

"லெட்டி, என்னை அந்தக் கரை சேத்துடு" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கைக்குட்டையை மடியில் வைத்துவிட்டு உதட்டைக் குவித்தாள். கட்டின பல்லோடு விசில் எப்படி வரும்? பாதி காற்று. ஆனால் மூன்றாவது அடியில் அதே இடத்தில் அது சறுக்கியது. ஐந்து வயதில் நான் எந்த இடத்துக்காகக் காத்திருந்தேனோ, அதே இடம். நான் ரொட்டியைப் பிட்டு, கொழுப்போடு இருந்த துண்டாகப் பார்த்து மடித்து வைத்து, அவசரமே படாமல் மென்றேன். உப்பு கரித்தது. ரொட்டியில் போட்ட உப்பா, கண்ணில் வழிந்ததா தெரியாது. அவளுக்கு மூச்சு வாங்கியது, நான் விடவில்லை.

"இன்னும் ஒரு தடவை" என்றேன். அடித்தாள்.

நான் முழுவதும் சாப்பிட்டு முடித்த பிறகு அவள் வின்ஸ்லோவைக் கூப்பிட்டாள்.

"தம்பி, என் உசிரு இருக்கிற வரைக்கும் இதுல ஒரு செங்கல்லைத் தொடக் கூடாது. அதுக்கப்புறம் என்ன பண்றீங்களோ, அது நான் பாக்கப் போறதில்ல."

அவர் தலையாட்டினார். அவள் உயிர் இருக்கும்வரை. அந்த வார்த்தை மண்டைக்குள் இறங்க எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. என் அம்மாவின் சமையல்கட்டை இனித் தாங்கி நிற்பது தூணும் இல்லை, சுவரும் இல்லை. பிரஷரும் முட்டிவலியும் உள்ள இந்த ஒரு கிழவி. ஃபெல்டன் குடும்பத்தில் ஒருத்தர் நூறு வயசு வாழ வேண்டும் என்று நான் மண்டி போட்டு வேண்டிக்கொள்வேன் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால், அவரை அடித்தே விரட்டியிருப்பேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் சர்ச் முடிந்ததும் சமையல்கட்டுக் கதவைத் திறந்து உள்ளே போய், ஜன்னல் மேடையில் உட்கார்ந்து ரிச்மண்டுக்குப் போன் போடுகிறேன்.

"லெட்டி, பிரஷர் மாத்திரை போட்டியா?"

"போட்டேன், போட்டேன். நீ என்ன என் டாக்டரா?"

"உப்பைக் குறைச்சியா? முட்டிக்குத் தைலம் தேச்சியா? செத்துகித்துத் தொலைச்சிடாதே, சொல்லிட்டேன்."

"உனக்கு என் மேல இல்லடி பாசம், அந்தச் செங்கல் மேல."

"ஆமா. அதுல என்ன சந்தேகம்?"

அந்தப் பக்கம் சிரிக்கிறாள். நான் மடியில் இருக்கும் ரொட்டித் துணியை அவிழ்க்கிறேன். அவளுக்கு அந்தச் சத்தம் கேட்கும் போலிருக்கிறது. போனில் விசிலை மூன்றாவது அடியிலிருந்து ஆரம்பிக்கிறாள்.